தேய்த்த சிபிடி எதுவரை போகும்?

பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலாக ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. மூடியில் பச்சையாக ஏழு விரல் இலை ஒன்று. முட்டிவலிக்கென்று பேத்தி வாங்கிக் கொடுத்தாளாம். "தம்பி, இது டஹாதானே? தேய்ச்சா தலை சுத்துமா?" என்றார். டஹா என்றால் இங்கே தென்னாப்பிரிக்காவில் கஞ்சா. ஆயா பேசுவதில் பாதி ஆங்கிலம், மீதி அவருடைய அம்மா கரும்புத் தோட்டத்தில் பேசிய பழைய தமிழ். டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், எங்கள் பகுதியில், அப்படிப் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால், தெருவில் யாருக்கு எந்த டப்பாவில் சந்தேகம் வந்தாலும் என் வீட்டு வேலிக்குத்தான் வரும்.

தலை சுற்றாது என்றேன். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். அதே செடியில் இருக்கும் இன்னொரு பொருள் கன்னபிடையால், சுருக்கமாகச் சிபிடி. அது போதை தராது. முதல் கேள்வி இப்படி ஒரு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது: "தேய்ச்ச உடனே உள்ள போயிடுது தம்பி, மேல ஒண்ணும் மிச்சமில்ல. அப்புறமும் ஏன் வலி போகல?"

உள்ளே போய்விட்டது என்று நாம் எதைப் பார்த்துச் சொல்கிறோம்? தோலின் மேல் வெள்ளையாக இருந்தது காணாமல் போனதைப் பார்த்து. பெரும்பாலான கிரீம்களில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். எண்ணெயைச் சிறுசிறு துளிகளாகத் தண்ணீரில் கலக்கியிருப்பதால்தான் அந்த வெள்ளை நிறம். தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில், மெல்லிய படலமாகப் பரவிய தண்ணீர் ஓரிரு நிமிடத்தில் காற்றோடு போய்விடும். எண்ணெய் தோலின் மேட்டுப்பள்ளங்களில் பரவி, கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆக, ஆயா பார்த்தது தண்ணீர் காய்ந்ததை. மருந்து எங்கே போனது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது.

இதை ஆயாவுக்கு விளக்க என் சமையலறையிலேயே ஒரு சாட்சி இருந்தது. இங்கே விசேஷ வீடுகளில் மிஞ்சும் சாப்பாட்டைக் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பேச்சு வரும். போன மாதம் ஆயா பருப்பு கொடுத்தனுப்பிய டப்பா இன்னும் என்னிடம்தான் இருந்தது. உள்பக்கம் முழுக்க மஞ்சள். மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வெளிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தால் விரலில் ஒரு துளி மஞ்சள் ஒட்டாது. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தாளித்த எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்கின் சதைக்குள் நுழைந்து அங்கேயே குடியேறிவிட்டது. உள்ளே இறங்கியது உண்மை. மறுபக்கம் வந்ததா என்றால், இல்லை. சிபிடிக்கும் மனிதத் தோலுக்கும் நடுவே நடப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான். தோலில் இறங்குவது வேறு, தோலைக் கடப்பது வேறு.

தோலின் ஆக மேலே இருப்பது செத்த செல்களின் அடுக்கு. பதினைந்து, இருபது வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மொத்தத் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ரொட்டி சுற்றுகிற அலுமினியத் தாளின் தடிமன் அளவுதான். உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் இதைவிடப் பல மடங்கு. பாடப்புத்தகத்தில் இதைச் செங்கல் சுவர் என்பார்கள். தட்டையான செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே பூசியிருக்கும் கொழுப்பு காரை. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து குழைத்த காரை அது. ஆயா தலைமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், மார்கழிக் குளிரில் கை வெடித்தால் நாம் எதையாவது பூசுவதும் இந்தக் காரையை நம்பித்தான். (இங்கே மார்கழி நடுக்கோடை என்பது வேறு விஷயம். டர்பனில் கை வெடிப்பதெல்லாம் ஜூன், ஜூலையில்.) வெளியிலிருந்து வரும் எதுவும் பெரும்பாலும் செங்கல்லைத் துளைத்துப் போவதில்லை. காரையின் வழியே வளைந்து வளைந்து போகிறது. அதனால் 20 மைக்ரோமீட்டர் சுவரைக் கடக்க அதைப்போலப் பல மடங்கு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

காரை கொழுப்பு, சிபிடியும் கொழுப்பில் கரைகிற பொருள். அப்படியென்றால் நல்லதுதானே, சுலபமாகப் போகுமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நுழைவது சுலபம்தான், வெளியேறுவதில்தான் சிக்கல். செத்த அடுக்குக்குக் கீழே உயிருள்ள தோல் இருக்கிறது. அது தண்ணீர் நிறைந்த இடம். அதற்கும் கீழேதான் நுண்ணிய ரத்தக் குழாய்கள். ரத்தத்தை எட்ட வேண்டுமானால் ஒரு பொருள் முதலில் எண்ணெயில் இறங்க வேண்டும், பிறகு எண்ணெயை விட்டுத் தண்ணீருக்கு மாற வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற சுபாவம் தேவை.

இந்தச் சுபாவத்தை அளக்க வேதியியலில் ஒரு பழைய வழி உண்டு. எண்ணெய் போன்ற ஒரு திரவத்தையும் தண்ணீரையும் ஒரே குடுவையில் விட்டு, பொருளைப் போட்டுக் குலுக்கி, எதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. புகைப்பழக்கத்தைக் கைவிடத் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் இருக்கும் நிகோடினை இப்படிக் குலுக்கினால், தண்ணீரில் ஒரு பங்குக்கு எண்ணெயில் 15 பங்கு அளவில் இருக்கும். கொஞ்சம் எண்ணெய்ப் பக்கம் சாய்வு, ஆனால் தண்ணீரை ஒதுக்கவில்லை. தோல் வழியாகப் போவதற்கு வாகான ஆள். சிபிடியைக் குலுக்கினால் தண்ணீரில் ஒரு பங்குக்கு எண்ணெயில் பத்து லட்சம் பங்கு, சில அளவீடுகளில் அதற்கும் மேல். காரைக்குள் நுழைந்தவுடன் அதற்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி. அங்கிருந்து தண்ணீர்ப் பக்கம் இறங்கு என்றால் இறங்குமா? ஐஸ்கிரீம் டப்பாவில் மஞ்சள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது.

அளவில் சிபிடி பெரியது இல்லை. மூலக்கூறு எடை 314. தோலைக் கடக்க வேண்டுமானால் 500-க்குள் இருக்க வேண்டும் என்று மருந்து செய்கிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வில் சிபிடி தேறிவிடும். விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன: சின்ன மூலக்கூறு, ஆகவே ஆழமாக ஊடுருவும். எண்ணெய்-தண்ணீர்க் கணக்கைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இன்னொரு ஒப்பீடும் வேண்டும். கடுமையான வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டை பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. ஃபென்டனைலின் எடை 336. சிபிடியைவிடக் கொஞ்சம் பெரியதே. அதுவும் எண்ணெய்ப் பக்கம் சாய்ந்த பொருள்தான், சிபிடி அளவுக்கு இல்லை. பிறகு எப்படி அது ஜெயித்தது? அதற்குத் தேவை மிகக் குறைவு. மணிக்கு 25 மைக்ரோகிராம் கொடுக்கும் பட்டையிலிருந்து ஒரு நாள் முழுக்க உடம்புக்குள் போவது 0.6 மில்லிகிராம். வாசல் குறுகலாக இருந்தாலும் உள்ளே வர வேண்டியவர் ஒருவர்தான் என்றால் பிரச்சினை இல்லை. சிபிடியோ கூட்டமாக வந்தால்தான் வேலை நடக்கும். அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்ற எபிடையோலெக்ஸ் என்ற சிபிடி மருந்து, குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு வாய்வழி கொடுக்கப்படுகிறது. அதில் நாள் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10, 20 மில்லிகிராம் என்று போகிறது. 60 கிலோ ஆளுக்கு அதே கணக்கைப் போட்டால் 600-லிருந்து 1200 மில்லிகிராம். ஃபென்டனைலைப் போல ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும்.

வாயால் சாப்பிடுவதும் பெரிய சாமர்த்தியம் இல்லை. விழுங்கிய சிபிடியில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குடலில் சரியாகக் கரைவதில்லை. கரைந்ததும் முதலில் ஈரலுக்குத்தான் போக வேண்டும், அங்கேயே பெரும்பங்கு உடைந்துவிடுகிறது. கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் பல மடங்கு கூடுகிறது. தோல் வழியாகப் போக வைக்க விஞ்ஞானிகள் ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் இதுதான். தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்தால் ஈரலின் முதல் வெட்டிலிருந்து தப்பிக்கலாம்.

சரி, யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். முதலில், எப்படி அளக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். வயிற்றுச் சதையைக் குறைக்கும் அறுவையில் வெட்டி எறியப்படும் தோலை, கொடுப்பவர் சம்மதத்தோடு வாங்கி, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே உறுமி மேளத்துக்குத் தோல் கட்டுகிற மாதிரி இறுக்கி வைப்பார்கள். மேலே மருந்து, கீழே ரத்தத்துக்குப் பதிலாக ஒரு திரவம். மணிக்கொரு தடவை கீழிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, எவ்வளவு வந்தது என்று பார்ப்பார்கள். 1975-இல் ஃபிரான்ஸ் என்பவர் இதை ஒழுங்குபடுத்தியதால் ஃபிரான்ஸ் கலம் என்று பெயர். சிபிடியை வைத்துச் சோதிக்கும்போது ஒரு தொந்தரவு வரும். கீழே வெறும் தண்ணீர் இருந்தால், கடந்து வந்த சிபிடியும் அதில் கரையாமல் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் கீழ்த் திரவத்தில் புரதமோ சோப்புப் போன்ற ஒரு பொருளோ சேர்ப்பார்கள். எதைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தே விடை மாறும். ஒரு ஆய்வின் கணக்கையும் இன்னொன்றின் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு முறை எளிமையானது, வீட்டிலேயே புரிந்துகொள்ளலாம். மருந்து தடவிய இடத்தில் ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தால் செத்த அடுக்கில் ஒரு வரிசை டேப்போடு வந்துவிடும். மறுபடி ஒட்டி, மறுபடி உரித்து, இப்படிப் பதினைந்து இருபது தடவை. ஒவ்வொரு டேப்பிலும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்தால், சுவரின் எந்த வரிசையில் எவ்வளவு தங்கியது என்பது தெரியும்.

2004-இல் வெளிவந்த ஒரு ஆய்வு மனிதத் தோலை இப்படிக் கலத்தில் கட்டி, கஞ்சாப் பொருள்கள் மூன்றை ஒப்பிட்டது. டிஎச்சியின் நெருங்கிய உறவுக்காரப் பொருள் ஒன்றைவிடச் சிபிடி பத்து மடங்கு எளிதாகக் கடந்தது. "பத்து மடங்கு" என்று கேட்டால் பெரிதாக இருக்கிறது. மிகவும் மோசமாகக் கடப்பதைவிடப் பத்து மடங்கு என்றால் நன்றாகக் கடக்கிறது என்று ஆகிவிடாது. விளம்பரத்தில் மடங்கு என்ற சொல் வந்தால் எதைவிட மடங்கு என்று கேட்கிற பழக்கம் வேண்டும். 2010-இல் வந்த இன்னொன்றில் கினிப் பன்றிகளின் மேல் சிபிடி ஜெல் தடவினார்கள். ரத்தத்தில் அளவு நிலைபெறச் சராசரியாக 15 மணி நேரம் ஆயிற்று. நிலைபெற்றபோது ஒரு மில்லிலிட்டருக்கு 6 நானோகிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமை நூறு கோடியால் வகுத்தால் ஒரு நானோகிராம். ஜெல்லில் தோலைத் தளர்த்தும் ஒரு கரைப்பானைச் சேர்த்ததும் அது 3.7 மடங்கு கூடியது. கடக்கிறது, ஆனால் சொற்பமாகவும் தாமதமாகவும். எதில் கலக்கிறோம் என்பதே பாதித் தலையெழுத்து.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். மருந்தை எதில் கரைக்கிறோமோ அந்த இடம் அதற்கு ரொம்பப் பிடித்துப்போனால் அதை விட்டுக் கிளம்பாது. சிபிடியைத் தேங்காய் எண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ கரைத்துத் தடவினால், கொழுப்பில் சுகமாக இருக்கும் பொருளுக்குத் தோலுக்குள் போக என்ன அவசரம்? ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைகால் கலந்த ஜெல்லில் அதற்கு அவ்வளவு சுகமில்லை, ஆல்கஹால் ஆவியானதும் நெருக்கடி கூடுகிறது, தோலுக்குள் தள்ளப்படுகிறது. அந்தக் கரைப்பான்கள் காரையின் கொழுப்பு வரிசையையும் கொஞ்சம் குலைத்துவிடும். "சுத்தமான இயற்கை எண்ணெயில் தயாரித்தது" என்று டப்பாவில் பெருமையாகப் போட்டிருப்பது, உறிஞ்சப்படும் விஷயத்தில் பெருமைப்பட வேண்டிய ஒன்று அல்ல.

உடம்பில் எந்த இடம் என்பதும் கணக்கில் வரும். 1967-இல் தோல் அரிப்புக்குப் பூசும் ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்தை வைத்துச் செய்த ஒரு பழைய அளவீடு இன்றும் பாடமாக இருக்கிறது. முன்கையின் உட்புறம் உள்ளே விடும் அளவை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42. மருந்து ஒன்றே, ஆள் ஒருவரே. பாதத்தில் தேய்த்தால் எல்லா நோயும் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளை நினைத்துக்கொண்டேன். புண்பட்ட தோல் சுவர் இடிந்த வீடு மாதிரி, எதையும் உள்ளே விடும். தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கிறவர்களுக்கு வேல் அந்த 20 மைக்ரோமீட்டரைக் கேட்டுக்கொண்டா போகிறது? மருந்து ஆய்வகங்களிலும் இப்போது அந்த வழியைச் சின்னதாக முயல்கிறார்கள். வலிக்காத அளவுக்குக் குட்டையான நுண் ஊசிகள் பதித்த பட்டை.

இவ்வளவு சொன்னதும் ஆயா கேட்டார்: "ரத்தத்துக்குப் போகலன்னா போகட்டும், முட்டிக்குப் போனாப் போதாதா?"

நியாயமான கேள்வி. வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லும் அந்த நியாயத்தில்தான் விற்கிறது. அதை ஒரு முட்டியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை தடவினால், ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம். அவ்வளவு குறைவாகப் போயும் முட்டிவலியில் பலன் இருப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. வயிற்றைக் கெடுக்காமல் வேலை நடப்பதுதான் அதன் லாபமே. ஆக, ரத்தத்தில் குறைவு என்பது மட்டுமே பலன் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. சிபிடியையும் மனிதர்களிடம் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

தடவிப் பார்த்தார்கள். முட்டித் தேய்மானம் உள்ள 320 பேரிடம், 12 வாரம். தோலைக் கடப்பதற்கென்றே கரைப்பான் சேர்த்துத் தயாரித்த, 4.2 சதவீதம் சிபிடி கொண்ட ஜெல். சிலருக்கு நாளைக்கு 250 மில்லிகிராம், சிலருக்கு 500, மற்றவர்களுக்குச் சிபிடி இல்லாத அதே ஜெல். எல்லாக் குழுவிலும் வலி குறைந்தது, சிபிடி இல்லாத ஜெல் தடவியவர்களுக்கும்தான். முக்கிய அளவுகோலில் சிபிடி வெறும் ஜெல்லை ஜெயிக்கவில்லை. சின்னச் சோதனைகளில் நல்ல செய்தியும் உண்டு. கால் நரம்பு எரிச்சல் உள்ள 29 பேரிடம் நான்கு வாரமும், கட்டைவிரல் அடிமூட்டு வலி உள்ள 18 பேரிடம் இரண்டு வாரமும் தடவிப் பார்த்ததில் வலி குறைந்ததாக 2020-இலும் 2022-இலும் எழுதினார்கள். நான் இவற்றை ஒதுக்கவில்லை. ஆனால் 18 பேரும் 320 பேரும் தராசில் ஒரே எடை இல்லை.

இப்போது ஆயாவின் டப்பாவுக்கு வருவோம். 50 கிராம் கிரீம், மொத்தம் 500 மில்லிகிராம் சிபிடி என்று அச்சடித்திருந்தது. கிராமுக்கு 10. பட்டாணி அளவு எடுத்தால் அரை கிராம் வைத்துக்கொள்ளலாம், அதில் 5 மில்லிகிராம். காலையும் மாலையும் இரண்டு முட்டியிலும் தேய்த்தால் நாளைக்கு 20. ஜெயிக்காமல் போன அந்தச் சோதனையில் அதிக அளவு எடுத்தவர்கள் ஒரு நாளில் பூசியது 500, அதாவது ஆயாவின் முழு டப்பா. அதுவும் கடப்பதற்கென்றே தயாரித்த ஜெல்லில். ஆயா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்போ தினம் ஒரு டப்பாவா? பேத்தி சம்பளம் போச்சு."

அப்புறம் அந்த ஜில்லென்ற உணர்வு. ஆயாவின் வாதம் அதுதான்: ஜில்லென்று இறங்குகிறதே, இறங்காமலா? டப்பாவின் பின்பக்கத்தை வெயிலில் பிடித்துப் படித்தோம். பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய். ஜில்லென்பது மெந்தாலின் வேலை. தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளை அது தட்டி எழுப்புகிறது, மூளைக்குக் குளிர் என்று தந்தி போகிறது. சூடு உண்மையில் குறையவே இல்லை. கொஞ்ச நேரம் வலி மறப்பதும் பொய் இல்லை. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி தணிகிற மாதிரி, தேய்ப்பதிலும் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலனுக்கு சாதாரண வலித் தைலமே போதும், விலையும் பத்தில் ஒரு பங்கு. இதில் ஒரு வேடிக்கை: மெந்தால் காரைக் கொழுப்பைத் தளர்த்தும் பொருள்களில் ஒன்று. சிபிடிக்குக் கொஞ்சம் வழிவிடுவதும் அதுவாகவே இருக்கலாம்.

மேலே சொன்னதெல்லாம் சிபிடி ஆழமாகப் போக வேண்டியிருந்தால் வரும் தொல்லை. போக வேண்டிய இடம் தோலேதான் என்றால் கதை தலைகீழ். அரிப்பு, வறட்சி, பரு போன்றவற்றுக்கு மருந்து மேல் அடுக்கில் தங்கினால் போதும், தங்குவதே நல்லது. ஆய்வகத்தில் வளர்த்த எண்ணெய்ச் சுரப்பிச் செல்களில் சிபிடி எண்ணெய் சுரப்பைக் குறைத்தது என்று 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. மயிர்க்கால்கள் வழியாக நேரே அந்தச் சுரப்பிகளுக்கு ஒரு குறுக்குச் சந்தும் இருக்கிறது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குச் சான்றுகள் இன்னும் மெலிதாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் கேள்வியாவது நேரானது. அதனால் சிபிடி கிரீம் விற்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, இந்த மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது. தோலுக்கா, மூட்டுக்கா, ரத்தத்துக்கா? மேற்பூச்சு என்பதும் தோல்வழி மருந்து என்பதும் ஒன்று போலக் கேட்கும். முன்னது தங்குவதற்கு, பின்னது கடப்பதற்கு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் பெயரில் விற்பதுதான் இந்த வியாபாரத்தில் அதிகம்.

டப்பாவில் அச்சடித்திருக்கும் அளவையும் அப்படியே நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் 105 மேற்பூச்சுகளை வாங்கிச் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 89-இல் சிபிடியின் மொத்த அளவு அச்சடித்திருந்தது. அச்சடித்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனது 24 சதவீதத்தில் மட்டும். 18 சதவீதத்தில் குறைவு, 58 சதவீதத்தில் அதிகம். 105-இல் 37-இல் டிஎச்சியும் இருந்தது.

சட்டம் பற்றி ஆயாவுக்கு ஒரு பயம் இருந்தது. பயம் பழையது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பனில் இறங்கிப் பத்தே ஆண்டில், 1870-இல், இந்தியத் தொழிலாளர் கஞ்சா புகைப்பதையும் விற்பதையும் டர்பன் இருந்த நேட்டால் காலனியின் அரசு சட்டத்தில் தடுத்துவிட்டது. வேலை கெடுகிறது என்பது தோட்டக்காரர்களின் கவலை. அதற்கு 148 ஆண்டு கழித்து, 2018 செப்டம்பரில், பெரியவர்கள் தங்கள் வீட்டுக்குள் சொந்தத்துக்கு வைத்துக்கொள்வது குற்றமில்லை என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2024 மே மாதம் அதற்கான சட்டத்திலும் ஜனாதிபதி கையெழுத்திட்டார். விற்பனை வேறு கதை, அதற்கு இந்த அனுமதி இல்லை. சிபிடிக்குத் தனி விதி. சாப்ரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல், ஒரு டப்பாவில் 600-க்கு மிகாமல் இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். அதிலும் பொதுவான உடல்நலம், சில்லறைத் தொந்தரவுகளுக்கு நிவாரணம் என்ற அளவில்தான் பேசலாம். மூட்டுவாதம் தீரும், புற்றுநோய் போகும் என்றெல்லாம் எழுதியிருந்தால் அந்த எழுத்தே விதியை மீறியது.

ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னேன். ஆயா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். ஈரலில் வார்ஃபரினை உடைக்கும் நொதிகளைச் சிபிடி தடுக்கும். வாய்வழி எடுத்தவர்களிடம் இதனால் ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்திருக்கிறது. தடவியதிலிருந்து ரத்தத்துக்குப் போவது சொற்பம் என்றாலும், அடுத்த முறை கிளினிக் போகும்போது டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டச் சொன்னேன். புண், கீறல் உள்ள இடத்தில் தடவ வேண்டாம் என்றும் சொன்னேன்.

பிறகு எனக்கொரு ஆசை வந்தது. ஆசிரியர் புத்தி. 320 பேர் வேண்டாம், ஆயாவின் இரண்டு முட்டியே போதும். ஒரே மாதிரி இரண்டு சின்ன டப்பா எடுத்து, ஒன்றில் அவருடைய சிபிடி கிரீம், இன்னொன்றில் எந்த கெமிஸ்ட் கடையிலும் கிடைக்கும் வெறும் ஆக்வியஸ் கிரீம். வலது முட்டிக்கு ஒன்று, இடது முட்டிக்கு ஒன்று. எது எதில் என்று எனக்கு மட்டும் தெரியும். இரண்டு வாரம் கழித்து எந்த முட்டி தேவலை என்று அவர் சொல்ல வேண்டும். மூடிகளில் வ, இ என்று எழுதி, மஞ்சள் போகாத அந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இரண்டையும் வைத்து, வேலிக்கு மேலாக நீட்டினேன்.

ஆயா வ-வைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். இ-யைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுல மணமே இல்லியே. இத எதுக்குக் குடுத்த?"